முட்டுக் கொடுக்காத தோட்டம்

வண்ணாரப்பேட்டைத் தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி.
இயக்குநர் குழுவுக்குக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான்.
யாராவது தலையாட்டினால் 'வரவேற்றது'.
யாராவது இருமினால் 'விவாதித்தது'.
எல்லோரும் செல்போனைப் பார்த்தால்
'ஏகமனதாக'.

பதினான்காவது பொருள்:
களக்காட்டுக்குத் தெற்கே ஒரு மலைச்சரிவில்
ஒன்பது காற்றாலை, நாற்பத்திரண்டு கோடி.
கேட்பவர் தலைவருக்குச் சம்பந்தி.
அந்த உறவு தாளில் இல்லை.
வல்லுநர் அறிக்கை வழவழவென்றிருந்தது;
அதில் காற்று
நீல அம்புகளாக ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது.

அதன் அடியில், குண்டூசி குத்தி,
கிளையின் கடன் அதிகாரி கிருபாவதி எழுதிய ஒரு பக்கம்:
'இங்கே பதினோரு வருஷமாக வாழைக்கடன் கொடுக்கிறேன்.
கீழ்ப்பத்துக்காரர்கள் ஆனி பிறந்தாலே
சவுக்குக்கம்பு வாங்கப் பணம் கேட்டு வருவார்கள்,
மரத்துக்கு முட்டுக் கொடுக்க.
இந்தச் சரிவிலிருந்து ஒருவரும் கம்புக்குக் கேட்டதில்லை.
மலை மறைக்கிறது.
வாழை சாயாத இடத்தில் காற்றாடி சுற்றாது.
பரிந்துரைக்க இயலவில்லை.'

ஆறு நிமிடம்.
தணிக்கைக் குழுத் தலைவர் கண்ணாடியைத் தேடினார்.
சுயேச்சை இயக்குநர் சாம் பொன்னையா,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்,
'கம்புக் கணக்கு சுவாரசியமா இருக்கே' என்றார்.
'வாழைக்கும் கோடிக்கும் என்ன சார் சம்பந்தம்?'
என்றார் தலைவர்.
அந்தச் சொல்லுக்கு எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.
அடக்கிக்கொண்டேன்.
முந்திரிப்பருப்புத் தட்டு வந்தது.
பேராசிரியர் ஒன்று எடுத்துக்கொண்டார்.
நான் எழுதினேன்: ஏகமனதாக.

அடுத்த மாதம் கிருபாவதிக்குக் குல்பர்கா மாற்றல்,
நிர்வாக நலன் கருதி.
நாற்காலி, கணினி, பெட்டகச் சாவி
எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினோம்.
எந்த மடைக்குத் தண்ணீர் கடைசியாக வரும்,
எந்த வீட்டில் கணவன் கையெழுத்துப் போட்டாலும்
மனைவிதான் கட்டுவாள்,
ஓணத்துக்குத் தார் அனுப்பிவிட்டு
யார் மொத்தமாக வந்து அடைப்பார்,
ஒப்படைப்புப் படிவம் இதையெல்லாம் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

அந்த ஆண்டறிக்கையில்தான்
'அறிவு மூலதனம்' என்று புதிதாக ஒரு பக்கம் சேர்த்தோம்.
ஆலோசகர் சூத்திரம் கொடுத்தார்:
கூட்டிய மதிப்பைச் சம்பளச் செலவால் வகு,
வருவது மனித மூலதனத்தின் திறன்.
அறுபத்துமூன்று பழைய ஆட்களை
விருப்ப ஓய்வில் அனுப்பியிருந்த வருஷம் அது.
கீழே இருந்த எண் சிறுத்தது.
திறன் இரண்டு புள்ளி ஒன்றிலிருந்து
இரண்டு புள்ளி எட்டுக்கு ஏறியது.
தெரிந்தவர்கள் போனதால் ஏறியது
என்பதை எந்தப் பத்தியில் எழுத?
பக்கத்தின் மூலையில் ஒரு பெண் ஊழியர் சிரித்தார்.
எங்கள் ஊழியர் இல்லை. விலைக்கு வாங்கிய படம்.

ஆடி வந்தது.
கீழ்ப்பத்தில் முட்டையும் மீறி வாழை சாய்ந்தது.
சரிவில் ஒன்பது காற்றாடிகளும்
போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றன.
மூன்றாம் தவணையோடு வாராக்கடன்.
ஒதுக்கீடு வைத்ததும்
திறன் ஒன்று புள்ளி இரண்டு.
'சாதகமற்ற பருவநிலை காரணமாக.'
என் வாசகம்தான். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நேற்று குல்பர்காவிலிருந்து போன்.
திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றுவிட்டேன்.
'சார், களக்காட்டுல யாரும் எடுக்க மாட்டேங்காங்க.
மாசானமுத்துக்குப் புது மேனேஜர் நோட்டீஸ் விட்ருக்காராம்.
அவரு போட்டது ஏத்தன், பிந்தின நடவு.
ஐப்பசி தாண்டித்தான் வெட்டு.
தவணைய அதுக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்க.
கட்டிருவாரு.'
காற்றாலை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.
மாசானமுத்து. ஏத்தன். ஐப்பசி.
எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று
பதிவறையில் கேட்டேன்.
பொருள் எண் என்ன என்கிறார்கள்.